‘ட்ரை’ என்ற சொல்லும் கழுவிக் கவிழ்த்த பிளாஸ்க்கும்

மருத்துவர் கையை விரித்துவிட்டார் என்றே அந்தக் குடும்பம் அன்று நம்பியது. பழனியம்மாள் போய்விட்டார், மூச்சு மட்டும் இயந்திரத்தின் தயவில் ஏறி இறங்குகிறது, அதைப் பெரிய மனிதர் ஒருவர் மனம் நோகாத விதத்தில் சொல்லிவிட்டுச் சென்றிருக்கிறார். மறுபடி கேட்டு அவரைச் சங்கடப்படுத்துவது மரியாதையாகாது. அதனால் அவர்கள் கேட்கவில்லை. ‘சரிங்க’ என்று கைகூப்பிவிட்டு, வீட்டுக்குக் கொண்டுபோவதற்கான ஏற்பாடுகளைத் தொடங்கிவிட்டார்கள்.

மருத்துவர் சொன்னது, ‘வீ வில் ட்ரை’ என்பது மட்டும்தான்.

மருத்துவருக்கும் நோயாளியின் வீட்டாருக்கும் நடுவில் நின்று பேசுகிற இந்த வேலைக்குப் புதிதாக வந்திருக்கும் உங்களுக்காக இதை எழுதுகிறேன். உங்களுக்கு இன்று பயிற்சி வகுப்புகள் இருக்கின்றன. தொண்ணூறுகளில் கோவையில் நான் சேர்ந்த மருத்துவமனையில் எனக்கு ஒரு மேசையும் நாற்காலியும் தந்தார்கள், அவ்வளவுதான். ஆங்கில இலக்கியம் படித்தவள், கொங்குப் பேச்சு பிறந்தவீட்டுப் பேச்சு. இரண்டும் தெரிந்திருந்தால் ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு ஆட்களைக் கைபிடித்துக் கூட்டிவந்துவிடலாம் என்று நிர்வாகம் நினைத்தது. நானும் அதையேதான் நினைத்தேன்.

பழனியம்மாள் பொள்ளாச்சியைத் தாண்டி ஒரு கிராமத்துக்காரர். நாற்பது வயதிருக்கும். தென்னந்தோப்புக்குள் மட்டைக் குவியலைப் புரட்டியபோது நாகம் தீண்டிவிட்டது. பொள்ளாச்சியில் விஷமுறிவு மருந்து ஏற்றினார்கள். அப்படியும் கண்ணிமைகள் தொங்கி, பேச்சுக் குழறி, மூச்சு நின்றுபோகும் நிலை வரவே எங்களிடம் அனுப்பினார்கள். தீவிர சிகிச்சைப் பிரிவில் குழாய் பொருத்தி, செயற்கைச் சுவாச இயந்திரத்தில் இணைத்திருந்தார்கள். மறுநாள் காலையில் அவர் உடம்பில் எந்த அசைவும் இல்லை. இமையைத் தூக்கினால் தூக்கிய இடத்தில் கண் வெறித்து நின்றது. பார்த்த எவருக்கும் அது உயிருள்ள உடம்பாகத் தோன்றியிருக்காது.

அந்தப் பிரிவுக்குப் பொறுப்பாக இருந்த மருத்துவர் வடக்கிலிருந்து வந்தவர். மயக்க மருந்து நிபுணர். அவர் பெயரை எழுதப் போவதில்லை, அவருக்கு அது பிடித்திருக்காது. எதையும் குறைத்துச் சொல்லும் வழக்கம் அவருக்கு. கொட்டும் மழையில் தொப்பலாக நனைந்து வந்து நின்றாலும், ‘வெளியே கொஞ்சம் ஈரம்’ என்பார். நம்பிக்கை அற்றுப்போன நோயாளியின் வீட்டாரிடம் ‘அழைத்துப் போய்விடுங்கள்’ என்று நேரடியாகச் சொல்லிவிடுவார். ஊணுறக்கம் மறந்து போராடத் தீர்மானித்துவிட்ட நோயாளியைப் பற்றி மட்டும், ‘வீ வில் ட்ரை’ என்பார். அவர் வாயிலிருந்து வரக்கூடிய மிகப் பெரிய வாக்குறுதி அதுதான்.

இனி எங்கள் ஊர்ப் பக்கத்தைச் சொல்கிறேன். தாம்பாளத்தில் வெற்றிலை பாக்கோடு அழைப்பிதழை வைத்து ஒருவர் தம் மகள் கல்யாணத்துக்கு அழைக்கிறார். நம்மால் போக முடியாது. முடியாது என்று முகத்துக்கு நேரே சொல்ல கொங்கு நாட்டில் யாருக்கும் நாக்கு எழாது. ‘பார்க்கலாமுங்க’ என்போம். அழைத்தவருக்கும் விளங்கிவிடும், பந்தியில் நம் இலையை அவர் எதிர்பார்க்க மாட்டார். இரு தரப்பிலும் மனத்தாங்கல் இல்லை. கொஞ்சம் படித்த பிள்ளைகள் தலையெடுத்த பிறகு அந்த இடத்தில் ஓர் ஆங்கில வினைச்சொல் வந்து அமர்ந்துகொண்டது. ‘ட்ரை பண்றேனுங்க’ என்று ஒருவர் சொன்னால், அவர் வரமாட்டார்.

மருத்துவர் அன்று காலை சுற்று முடித்து வெளியே வந்தபோது அவரை எதிர்கொண்டவர் பழனியம்மாளின் தம்பி தங்கவேல். சூலூரில் ஒரு பட்டறையில் மேற்பார்வையாளர். ஆங்கிலம் கேட்டால் புரியும். ‘எப்புடிங்க சார் இருக்காங்க?’ என்று கேட்டிருக்கிறார். மருத்துவர் சொல்ல வேண்டியதைச் சொல்லிவிட்டு அறுவை அரங்குக்குள் போய்விட்டார். மொழிபெயர்ப்புக்குத் தேவையே ஏற்படவில்லை. அதனால் என்னை யாரும் கூப்பிடவில்லை.

என்னைக் கூப்பிட்டவர் அந்தப் பிரிவின் தலைமைச் செவிலியர். பாலக்காட்டுப் பக்கத்து அம்மா, அதிகம் பேசமாட்டார். மாடிப்படியில் என்னை நிறுத்தி, ‘பாம்புக்கடி ஆளுங்க பிளாஸ்க்கைக் கழுவிக் கவுத்தாச்சு’ என்றார்.

‘அதனாலென்ன சிஸ்டர்?’

‘காலையில பத்து மணிக்கு யாரு பிளாஸ்க்கைக் கவுக்கறது? பால் வாங்க வேண்டாம்னு ஆனவங்கதான் கவுப்பாங்க. போய்ப் பாரு.’

இந்த வேலையில் நான் கற்றவற்றில் பாதி இப்படிப்பட்ட வாக்கியங்களிலிருந்து வந்தவை. வீட்டார் வாயால் சொல்வதற்கு முன்பே அவர்களுடைய பைகள் சொல்லிவிடும். தீவிர சிகிச்சைப் பிரிவின் வாசலுக்கு நான் போனபோது பாய் சுருட்டிக் கட்டப்பட்டிருந்தது. பிளாஸ்க்கும் டம்ளர்களும் துணிப்பைக்குள் போயிருந்தன. முந்தைய நாள் இரண்டு பேர் இருந்த இடத்தில் ஏழெட்டு ஆண்கள் உட்காராமல் நின்றுகொண்டிருந்தார்கள். பணி மருத்துவரான இளைஞர், இயந்திரத்துக்குப் பதிலாக மூச்சு கொடுக்கும் காற்றுப்பையை வழியெல்லாம் கையால் அமுக்கிக்கொண்டு போவது எப்படி என்று ஒருவருக்குக் காட்டிக்கொண்டிருந்தார். ‘அவங்க விருப்பம் மேடம். நாம தடுக்க முடியாது’ என்றார் என்னிடம். பொள்ளாச்சிக்கு அப்பால் வரை, குண்டும் குழியுமான சாலையில், ஓடும் வேனில், பழக்கமில்லாத ஒரு கை அந்தப் பையை அமுக்கிக்கொண்டு போக வேண்டும். பழனியம்மாள் வீடு போய்ச் சேரும்போது என்ன மிஞ்சியிருக்கும் என்பது எல்லோருக்கும் தெரிந்திருந்தது. அதைத்தான் அவர்கள் மருத்துவரின் தீர்ப்பு என்று எடுத்துக்கொண்டிருந்தார்கள்.

பழனியம்மாளின் கணவர் நாச்சிமுத்து கட்டிலருகே நின்றிருந்தார். மனைவியின் பாதத்தை ஒரு கையால் பற்றியிருந்தார். தங்கவேல் உள்ளே வந்து, ‘மாமா, ஊட்டுக்குப் போன் பண்ணிச் சொல்லிப்போட்டனுங்க. கடசியா உடுத்த அந்தப் பச்சச் சேலைய எடுத்து வெக்கச் சொல்லியிருக்குது. கொடுமுடியில பெரியக்காவுக்கும் ஆளு போயாச்சு’ என்றார். நாச்சிமுத்து தலையை அசைத்தார்.

இருவரையும் வெளியே கூட்டிவந்தேன். ‘டாக்டர் என்னங்க சொன்னாரு?’

‘ட்ரை பண்றோம்னு சொல்லிட்டாருங்க அம்மணி’ என்றார் தங்கவேல். ‘நல்ல மனுசன். நேரா முடியாதுன்னு சொல்ல மனசு வரல பாருங்க.’

அந்தக் கணத்தில் நடந்தது முழுவதும் எனக்கு விளங்கியது. இரண்டு மரியாதைகள் வாசலில் எதிரெதிரே சந்தித்து ஒன்றுக்கொன்று வழிவிட்டு ஒதுங்கியிருக்கின்றன. நடுவில் ஒரு பெண்ணின் மூச்சு நிற்கப் போகிறது.

‘வேன் வாறதுக்கு முன்னால ஒரு அஞ்சு நிமிசம் எனக்குக் கொடுங்க’ என்று சொல்லிவிட்டு அறுவை அரங்குக்கு ஓடினேன். மயக்கத்தில் ஒரு நோயாளி மேசைமேல் கிடக்கையில் மயக்க மருந்து நிபுணர் அரங்கைவிட்டு வரவே முடியாது. வாசலிலிருந்த உள்தொலைபேசியில் கூப்பிட்டேன்; உள்ளே ஒரு செவிலி ரிசீவரை அவர் காதருகே பிடித்தார். நாங்கள் ஆங்கிலத்தில் பேசினோம்.

‘பாம்புக்கடி நோயாளியை வீட்டுக்கு எடுத்துப் போகிறார்கள்.’

‘ஏன்?’

‘நம்பிக்கையில்லை என்று நீங்கள் சொல்லிவிட்டதாக நினைக்கிறார்கள்.’

‘நான் அப்படிச் சொல்லவில்லை. முயல்வோம் என்றேன்.’

‘அதைத்தான் டாக்டர் சொல்கிறேன்.’

அவர் குரலில் எரிச்சல் ஏறியது. ‘முயல்வோம் என்பதற்கு மேல் ஒரு மருத்துவன் என்ன சொல்ல முடியும்?’

கொங்கு நாட்டுக் கல்யாண அழைப்புகளைப் பற்றி அவருக்குப் பாடம் நடத்த நேரமில்லை. அப்போது என் நினைவுக்கு வந்தது கல்லூரி நாட்களில் படித்த ஒரு செய்தி. அந்த வினைச்சொல்லுக்கு ‘முயலுதல்’ என்ற பொருள் பிற்காலத்தில் வந்தது. பழைய பிரெஞ்சிலிருந்து ஆங்கிலத்துக்குள் நுழைந்தபோது அதற்குப் பிரித்தெடுப்பது, சலித்து வேறாக்குவது என்றே பொருள். நாம் முறத்தில் புடைப்போமே, அதற்கு நெருக்கமான வேலை. உண்மையையும் பொய்யையும் பிரிக்கிற நீதிமன்றத்துக்கு அது போயிற்று; இன்றும் வழக்கை ‘ட்ரை’ செய்வதாகத்தான் அங்கே சொல்கிறார்கள். அங்கிருந்து சோதித்துப் பார்ப்பது என்றாகி, கடைசியாகத்தான் முயற்சிக்கு வந்து சேர்ந்தது. புத்தகத்தில் படித்தபோது சுவையான தகவல். தொலைபேசியைப் பிடித்துக்கொண்டு நின்ற அந்த நிமிடத்தில் எனக்குக் கிடைத்த ஒரே பிடிமானம்.

‘பிரித்துச் சொல்லுங்கள் டாக்டர்’ என்றேன். ‘உங்களுக்கு நிச்சயமாகத் தெரிந்தது எது, தெரியாதது எது, என்ன செய்யப் போகிறீர்கள்?’

அவர் ஒவ்வொன்றாகச் சொன்னார். இதயம் நன்றாக இருக்கிறது. சிறுநீர் போகிறது. விஷம் தசைகளைக் கட்டிப் போட்டிருக்கிறது. அந்தக் கட்டு அவிழும். எத்தனை நாளில் என்று தெரியாது. இடையில் நுரையீரலில் சளி சேர்ந்து காய்ச்சல் வரலாம், வந்தால் ஆபத்துதான். அவராக மூச்சு விடும் வரை மூச்சை நாங்கள் கொடுப்போம். கடைசியாக, ‘இன்னொன்று. அந்த அம்மாவுக்குக் காது கேட்டுக்கொண்டிருக்கும் என்று நினைக்கிறேன். படுக்கையருகே கவனமாகப் பேசச் சொல்லுங்கள்’ என்றார்.

எனக்குப் பச்சைச் சேலை நினைவுக்கு வந்தது.

திரும்பிப் போனபோது வேன் வந்து நின்றிருந்தது. மருத்துவர் சொன்னதை ஒரு சொல்லும் கூட்டாமல் குறைக்காமல் நாச்சிமுத்துவிடம் சொன்னேன். அவர் தரையைப் பார்த்தபடி கேட்டார். பிறகு நிமிர்ந்து, ‘பொளச்சுக்குவாளான்னு மட்டும் ஒரு வார்த்த சொல்லிப்போடுங்க அம்மணி. நீங்க சொன்னா நம்பறனுங்க’ என்றார்.

இளையவர்களே, இந்த இடத்தில்தான் நீங்கள் வழுக்குவீர்கள். ‘பொளச்சுக்குவாங்க’ என்று சொல்லியிருந்தால் வேன் அந்த நிமிடமே திரும்பியிருக்கும். அந்தச் சொல் நாக்கின் நுனிவரை வந்துவிட்டது. சொல்லி, பிறகு காய்ச்சல் வந்திருந்தால், அந்தக் குடும்பம் அதற்கப்புறம் எங்கள் யாருடைய எந்தச் சொல்லையும் கேட்டிருக்காது.

‘அது எனக்குத் தெரியாதுங்க. டாக்டருக்கும் தெரியாதுங்க. நெஞ்சு நல்லா அடிச்சுக்கிட்டு இருக்குங்க. அது தெரியுமுங்க.’

‘தெரியாதுன்னா அப்புறம் என்னத்துக்குங்க நிக்கறோம்?’ என்றார் தங்கவேல். ‘நீங்க டாக்டருங்களா?’

‘இல்லைங்க.’

‘பின்ன? எங்கக்காளுக்கு ஒரு வெரலு அசையலீங்க. நாங்களும் கண்ணால பார்த்துட்டுத்தான இருக்கறோம்.’

நாச்சிமுத்து உள்ளே போனார். நானும் போனேன். மனைவியின் காதருகே குனிந்து, ‘பழனீ, கால் வெரல அசை கண்ணு. ஒருக்கா அசை’ என்றார். எல்லோரும் அந்தப் பாதத்தையே பார்த்தோம். அசையவில்லை. இன்னும் சத்தமாகக் கேட்டார். அசையவில்லை.

வெளியே வந்ததும் அவர் என்னிடம் சொன்னதை நான் எந்தக் காலத்திலும் மறக்கப் போவதில்லை. ‘உசுரு ஊட்டுல போகோணுமுங்க அம்மணி. வெளிய போச்சுன்னா உள்ள கொண்டுபோக உட மாட்டாங்க. வாசல்லயே போட்டுருவாங்க. இருவது வருசமா அவ கூட்டித் தெளிச்ச வாசலுங்க அது. அதுல அவளப் பொணமாப் போட்டுட்டு, நான் எப்புடிங்க அதத் தாண்டி ஊட்டுக்குள்ள போறது?’

அவர் அவசரத்துக்குக் காரணம் இதுதான். ‘டாக்டர் வெளிய வாற வரைக்கும் நில்லுங்க’ என்று மட்டும் கேட்டேன்.

நாச்சிமுத்து கதவுவழியே கட்டிலை எட்டிப் பார்த்தார். ‘நிக்கறனுங்க. ஆனா அவரு அந்த வார்த்தயச் சொல்லாமப் பேசோணும். ட்ரைன்னு சொன்னார்னா நாங்க கெளம்பீருவோம்.’

அதற்குப் பிறகான காத்திருப்பில் என்னால் ஓரிடத்தில் உட்கார முடியவில்லை. அரங்கின் கதவுவரை போவேன், திரும்புவேன், கட்டிலைப் பார்ப்பேன், மறுபடி கதவு. வேன் ஓட்டுநர் மேலே வந்து, ‘என்னுங்க, எடுக்கறதா உடறதா?’ என்று கேட்டுவிட்டுப் போனார். ஆண்கள் சன்னலோரம் நின்று தாழ்ந்த குரலில் பேசினார்கள். ஒருவர் மட்டும் என்னைப் பார்த்து, ‘படிச்ச புள்ளைங்களுக்கு எதுவும் லேசுல முடியக் கூடாது’ என்றார், எனக்குக் கேட்க வேண்டும் என்றே. அவர் சொன்னதில் நியாயம் இருக்குமோ என்றும் தோன்றியது. ஒரு குடும்பத்தின் கடைசி ஆறுதலைத் தடுக்க நான் யார்? தலைமைச் செவிலியர் பழனியம்மாளின் குழாயில் சேர்ந்த சளியை உறிஞ்சி எடுத்துக்கொண்டிருந்தார். வேறு எதையும் அவர் பார்க்கவில்லை. அதைப் பார்த்து நானும் கொஞ்சம் நிதானப்பட்டேன்.

மருத்துவர் முகமூடியைக் கழுத்துக்கு இழுத்துவிட்டபடி வந்தார். நடைக்கூடத்தின் பாதியிலேயே மறித்தேன். ‘அந்த வினைச்சொல் மட்டும் வேண்டாம்’ என்றேன்.

‘பிழைப்பார் என்று பொய் சொல்லச் சொல்கிறாயா?’

‘இல்லை. என்ன செய்வீர்கள் என்று சொல்லுங்கள்.’

அவர் நாச்சிமுத்துவின் முன்னால் போய் நின்றார். என் பக்கம் திரும்பி ஆங்கிலத்தில் தொடங்குவார் என்று காத்திருந்தேன். திரும்பவில்லை. செவிலியரிடமும் கடைக்காரர்களிடமும் பொறுக்கிய தமிழில், ஒவ்வொரு சொல்லாகத் தேடி எடுத்து வைத்தார். ‘அம்மாக்கு மூச்சு நான் குடுக்கும். அம்மா எடுக்கும் வரை நான் குடுக்கும். நடுவுல காய்ச்சல் வரும், பயம் இருக்கு. நான் இங்கதான் இருக்கும். விடாது.’

‘உடமாட்டீங்களா?’ என்றார் நாச்சிமுத்து.

‘விடாது.’

நாச்சிமுத்து குனிந்து, துணிப்பையின் முடிச்சை அவிழ்த்து, பிளாஸ்க்கை எடுத்துத் தங்கவேலிடம் நீட்டினார். ‘மாப்ளே, கீழ போயிப் பால் வாங்கிட்டு வா.’

தங்கவேல் திகைத்துப் போனார். ‘மாமா, கீழ வேன்காரன் நிக்கறானே, அவனுக்கு என்னத்தச் சொல்றது? எப்ப வருவீங்கன்னு கேப்பான்.’

‘ட்ரை பண்றோம்னு சொல்லு.’

சன்னலோரத்தில் நின்றவர்களிடமிருந்து ஒரு சிரிப்பு வெடித்தது. அந்த நாளில் சிரிப்புக்கு இடமிருக்கும் என்று நான் எண்ணியிருக்கவில்லை. மருத்துவர் மட்டும் புரியாமல் எங்களை மாறி மாறிப் பார்த்தார்.

கதை அங்கே முடிந்துவிடவில்லை. காய்ச்சல் வந்தது. நெஞ்சில் சளி கட்டி, கடுமையாகவே வந்தது. அன்று நாச்சிமுத்து என் மேசைக்கு வந்து நின்றார். ‘அவரு சொன்னாரே, அதுதானுங்களா இது?’

‘அதுதானுங்க.’

‘சரிங்க’ என்று சொல்லிவிட்டுத் திரும்பிப் போய்த் தம் பாயில் உட்கார்ந்துகொண்டார். வேனுக்கு ஆள் அனுப்பவில்லை. வரக்கூடும் என்று முன்பே சொல்லப்பட்ட ஆபத்து வந்தபோது, அவர் அதை அடையாளம் கண்டுகொண்டார். நான் அன்றைக்குப் பொய் சொல்லாததற்கு அந்தச் ‘சரிங்க’ போதுமான கூலி.

காய்ச்சல் இறங்கியது. ஒரு மதியத்தில் இமை துடித்தது. அப்புறம் கால் விரல், பிறகு கை. குழாயை எடுத்த பின் சில நாட்கள் குரல் கரகரத்துக் கிடந்தது. பேச்சு வந்ததும் பழனியம்மாள் என் கையைப் பிடித்து இழுத்து உட்கார வைத்தார்.

‘அத்தனையும் கேட்டுக்கிட்டுத்தானுங்க கெடந்தேன். கால் வெரல அசைங்கறாரு. அசைக்கோணும்னு உசுரையே புடிச்சு இளுக்கறனுங்க, வெரலு வரமாட்டேங்குது. இவிய என்னடான்னா சேலைக்குப் போன் பண்றாங்க. அதுலயும் பச்சச் சேலையாமா! எனக்குப் பச்ச ஆகாதுன்னு இருவது வருசமா இந்த மனுசனுக்குத் தெரியலீங்களே அம்மணி!’

நாச்சிமுத்து வாசலுக்கு வெளியே பார்த்தபடி, ‘மாப்ளதான் பச்சன்னான்’ என்றார்.

அதன் பிறகும் மருத்துவர் அந்த வினைச்சொல்லை விட்டுவிடவில்லை. நாக்கோடு பிறந்ததை எங்கே விடுவது? சொல்லிவிட்டு என்னைத் திரும்பிப் பார்ப்பார். பிரித்துக் கேட்பது என் வேலையாயிற்று. நீங்களும் கேளுங்கள். ‘புரிகிறதா?’ என்று வீட்டாரைக் கேட்டால், புரிகிறது என்றுதான் சொல்வார்கள். இந்த ஊரில் அதுவும் ஒரு மரியாதை. அவர்கள் காதில் என்ன விழுந்தது என்பதை அவர்கள் வாயாலேயே சொல்லச் சொல்லுங்கள். பிளாஸ்க்கையும் ஒரு பார்வை பார்த்துக்கொள்ளுங்கள்.

போன மாதம் பழனியம்மாள் தொலைபேசியில் அழைத்தார். பேத்திக்குக் கல்யாணம். ‘வந்துருங்க அம்மணி.’ என் முழங்கால் பேருந்துப் படியை ஒத்துக்கொள்ளாது. இருந்தும், ‘வாரேனுங்க’ என்றேன். அவரிடம் வேறு சொல் சொல்ல எனக்கு வாய் வராது. தங்கவேல் கார் எடுத்துக்கொண்டு வந்து கூட்டிப் போனார்.

மருத்துவர் தம் ஊருக்குத் திரும்பிச் சில ஆண்டுகளில் காலமானார். தலைமைச் செவிலியரும் இப்போது இல்லை. நாச்சிமுத்து அவர் விரும்பியபடியே வீட்டுக்குள், தம் கட்டிலில் போய்ச் சேர்ந்தார். அந்த வாசலை இன்றும் பழனியம்மாள்தான் கூட்டித் தெளிக்கிறார்.